எண்ணெய் ஒழுகும் காரில் எண்ணூருக்கு

டாக்டரம்மாவின் கார் எங்கே நின்றாலும், அது கிளம்பிய பிறகு தரையில் ஒரு கறுப்பு வட்டம் கிடக்கும். ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் வட்டத்தின்மேல் வட்டமாகப் படிந்து, மழை பெய்தால் அந்த இடம் மட்டும் மயில் கழுத்து மாதிரி மினுங்கும். பக்கத்து மண்டிக்காரர் என் பெரியப்பாவின் ஊர்க்காரர். "மூட்டை தூக்குத ஆளுவ வழுக்கி விழுதானுவ, உங்க டாக்டர்ட்ட சொல்லி வையி" என்று என்னிடம்தான் முறையிடுவார். நேரே போய்ச் சொல்ல அவருக்கு வாய் வராது. அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாம் டாக்டரம்மா கையில் பிறந்தவர்கள்.

டாக்டரம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டதும் இல்லை. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, கல்மண்டபத்தில் வத்தலும் கருப்பட்டியும் மொத்த வியாபாரம் செய்த பெரியப்பா வீட்டில் வந்து தங்கியிருந்தேன். எனக்கு அந்த ஊர் பிடிபடவே நாளாயிற்று. மீன் வாடையும் துறைமுகத்துக் கரித்தூளும் கலந்த காற்று. ஜன்னலைத் திறந்து வைத்தால் வெள்ளைச் சேலை சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடும். "இன்னா சிஸ்டர், சாப்டுகினியா?" என்று தெருவில் யாராவது கேட்டால், என்னைக் கேலி செய்கிறார்களோ என்று ஆரம்பத்தில் முகம் சுருங்கும்.

டாக்டரம்மா புரசைவாக்கத்துப் பெண். என்னைவிடச் சில வயது பெரியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இன்ஜினீயராக இருந்து காலமானவர். அவர் விட்டுப்போனதுதான் அந்தக் கார். யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய சின்னக் கறுப்பு இங்கிலீஷ் வண்டி. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம் முழுக்கக் கொட்டகையில் கல்லுக்கு மேல் நின்றிருந்ததாம். நின்று நின்றுதான் அதற்கு உடம்பு கெட்டது என்பார். டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை, தானே ஓட்டுவார். ராயபுரத்தில் அப்போது பெண்பிள்ளை கார் ஓட்டுவது ஒரு காட்சி. பையன்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள். பக்கத்து சீட்டில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அந்த சீட்டில் உட்கார்ந்த நாட்களைப் போல நிமிர்ந்து நான் வேறு எங்கும் உட்கார்ந்ததில்லை.

எண்ணெய் ஒழுகுவது டாக்டரம்மாவுக்கு ஒரு நோயாளியைப் போல. காலையில் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே வாசலுக்கு வந்து காரின் மூடியைத் திறப்பார். ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். "குறைஞ்சிருக்கு" என்பார், காய்ச்சல் ஏறியிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்.

பெட்ரோல் பங்கில் இருந்த ஆள் ஒருநாள், "புச்சா ஒரு ஆயிலு வந்துகீதும்மா. உள்ள கீற கலீஜ் எல்லாத்தையும் கழுவிடும். வண்டி சும்மா பறக்கும்" என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. பழைய எண்ணெயை இறக்கிப் புதிதை ஊற்றினோம். ஒரு வாரம் வண்டி சத்தமில்லாமல் ஓடியது. அதற்கப்புறம் இதுவரை ஒழுகாத இடங்களில் எல்லாம் ஒழுக ஆரம்பித்தது. பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்த டாக்டரம்மா, அங்கிருந்தே சிரித்தார்.

"அந்த அழுக்குதான் இத்தனை நாளா சந்துபொந்தெல்லாம் அடைச்சுக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. நாம அதைக் கழுவி விட்டுட்டோம்."

"அப்ப என்ன செய்ய, டாக்டரம்மா?"

"பழைய மாதிரி சாதா ஆயில்தான். நம்பர் கூடக் கூட ஆயில் கெட்டி. முப்பது நம்பர் தண்ணி மாதிரி ஓடிடும். நம்ம வெயிலுக்கு நாப்பது போடணும். இந்தக் கிழவிக்கு ஐம்பதே போட்டாலும் தப்பில்லை."

ஐம்பது போட்டுப் பார்த்தோம். ஒழுகல் குறைந்தது, ஆனால் காலையில் கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்வதற்குள் தோள் கழன்றுவிடும். பிறகு நாற்பதிலேயே நின்றுகொண்டோம். இதெல்லாம் எனக்குத் தேவையில்லாத விஷயம் என்று பெரியம்மா சொல்வார். எனக்கோ, அந்தப் பாயில் அவருக்குப் பக்கத்தில் படுத்து, சூடான இரும்பையும் எண்ணெயையும் முகர்ந்துகொண்டு மேலே பார்ப்பதைவிட உலகத்தில் நல்ல இடம் கிடையாது என்று தோன்றும்.

மற்ற கசிவுகள் மெல்ல அடங்கின. அடங்காதது எண்ணெய்த் தொட்டியின் அடியில் இருக்கும் பிளக். பழைய எண்ணெயை இறக்குவதற்காகத் திருகி எடுக்கிற பெரிய போல்ட் அது. அதற்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு செம்பு வாஷர். அதன் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழும். தெருமுனையில் வண்டி ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரியைக் கூப்பிட்டோம்.

"இத்துக்குப் போயி பேஜார் பண்ணிக்கிறீங்களே. லூசா கீதும்மா. ஒரு முறுக்கு முறுக்கினா கப்சிப்னு பூடும்" என்று முழங்கை நீள ஸ்பேனரைப் போட்டு முறுக்கினார். நின்றது. மறுநாள் மறுபடி சொட்டியது. மறுபடி வந்து இன்னொரு முறுக்கு. மூன்றாவது தடவை அவர் முறுக்கும்போது ஏதோ நெகிழ்ந்து கொடுத்த மாதிரி ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. மேஸ்திரிக்கும் கேட்டிருக்க வேண்டும். "ஆச்சு, ஆச்சு" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு வாலிபன் பஸ் பிடித்து வந்தான். கடலுக்குப் போகிறவன். பெண்சாதிக்கு முந்தின நாளிலிருந்து வலி, குழந்தை இறங்கவில்லை. "எம்மா, நீ வந்தாத்தாம்மா ஆவும்" என்று டாக்டரம்மாவின் காலைத் தொடப் போனான். அவர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். நான் பையையும் எண்ணெய் டின்னையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவனைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டோம். காரில் ஏறியதே முதல் தடவை போலிருக்கிறது. கூரையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தான்.

திருவொற்றியூர் தாண்டி, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் சவுக்குமாக ரோடு நீளும் இடத்தில் டாக்டரம்மா சட்டென்று வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். "முள் விழுந்துட்டுது" என்றார். ஆயில் பிரஷர் காட்டுகிற முள். இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் ஒரு கறுப்புக் கோடு. பிளக் திருகு மரை தேய்ந்து பாதி வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் இன்ஜின் இறுகிப் போயிருக்கும்.

டாக்டரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் உட்காரப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம். உங்க கை அங்க வேணும். நீங்க தள்ளிக்கோங்க."

அதற்கு முன் நான் அவரிடம் அந்த மாதிரி பேசியதில்லை. அவர் விலகிக்கொண்டார். நான் அடியில் நுழைந்தேன். சூடான எண்ணெய் முழங்கை வரைக்கும் வழிந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, அதன் மரையில் பேண்டேஜ் துணியின் நூலைச் சுற்றினேன். பையில் கார்பாலிக் சோப் இருந்தது. எண்ணெயில் சோப் கரையாது என்று டாக்டரம்மா வெளியிலிருந்து சொன்னார். அதைப் பிசைந்து நூலின்மேல் அப்பி, கையால் திருகி ஏற்றினேன். பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. வெளியே கையை நீட்டி, "கட்ட ஏதாவது கொடுங்க" என்று கத்தினேன். அந்த வாலிபன் இடுப்பில் சுற்றியிருந்த வலைக்கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். பிளக்கை மேலே அழுத்தித் தொட்டியோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். டின்னிலிருந்த எண்ணெய் முழுவதையும் டாக்டரம்மா ஊற்றினார். கைப்பிடியை அவன் சுழற்றினான். முள் நடுங்கி எழுந்து நின்றது.

குப்பம் வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனோம். குடிசை வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, நர்ஸம்மா மூஞ்சியெல்லாம் கரி கீது" என்று அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார்கள். நான் சோப்பின் மிச்சத்தைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் கை கழுவிவிட்டு உள்ளே போனேன். குழந்தை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றின்மேல் விரல்களை வைத்து, அதைத் திருப்பியதை இன்றைக்கும் பார்க்கிறேன். உச்சி வேளைக்குள் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. தாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் ஊற்றிய எண்ணெயும் வழியிலேயே கசிந்து தீர்ந்துவிட்டிருந்தது. வாலிபன் திருவொற்றியூருக்கு ஆயில் வாங்கிவரப் பஸ் ஏறிப் போனான். நாங்கள் இரண்டு பேரும் ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், இழுத்துப் போட்டிருந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தோம். குப்பத்துப் பெண் ஒருத்தி இலையில் வறுத்த மீனும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். டாக்டரம்மா சைவம். சோற்றை எடுத்துக்கொண்டு மீனை என் பக்கம் தள்ளினார். பிறகு, "வாசனை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, முள் குத்தி, இருமி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். தட்டிய கையை எடுக்க எனக்கு மனசில்லை. அவரும் நகரவில்லை.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிடேன். இங்க யார் இருக்காங்க?" என்றார்.

"வாயில வராது, டாக்டரம்மா."

"வண்டிக்கு அடியிலிருந்து அதிகாரம் பண்ணினே. அது மட்டும் வந்ததா?"

அலையைப் பார்த்துக்கொண்டே அவர் ஒரு செய்தியைச் சொன்னார். பினாங்கில் தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரி ஒன்றில் பெண் டாக்டர் கேட்டிருக்கிறார்கள். அங்கே பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. நம்முடைய ஜனங்கள்தான் அவ்வளவு பேரும். "போகலாம்னு இருக்கேன். அங்கேயும் நர்ஸ் வேணும். நீ வரியா?"

நான் "வரேன்" என்று சொல்லவில்லை. "பெரியப்பாட்ட கேக்கணும்" என்றேன். ஆனால் அந்த மத்தியானம் முழுக்க, கடலின் அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு வீடு, அதன் வாசலில் இந்தக் கார், அதற்கடியில் ஒரு பாய் என்று நானே எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன். எண்ணெய் டின்னோடு அந்த வாலிபன் வந்தபோது இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டானே என்றிருந்தது.

பெரியப்பாவிடம் மெதுவாகத்தான் எடுத்தேன். அவர் கடையிலிருந்து வந்து சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை.

"ஏட்டி, கப்பலேறிப் போவதுக்கா உன்னைய நர்சுக்குப் படிக்க வச்சோம்? உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஒத்தப் பொம்பள, அவ கூட இன்னொரு ஒத்தப் பொம்பள. நாளைக்கு ஒன்னுன்னா யாரு?" என்றார். பெரியம்மா, ஊரில் ஒரு வாத்தியார் பையனைப் பற்றிக் கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். எதிர்த்துப் பேச அந்த வீட்டில் இடமில்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார். "சரி, இந்தப் பிளக்கை முதல்ல ஒரு வழி பண்ணுவோம், வா" என்றார்.

தொட்டியைக் கழற்றி, பட்டறைக்காரர் ஒருவரிடம் கொடுத்து, தேய்ந்த மரையை ஒரு சுற்றுப் பெரிதாக வெட்டி, அதற்கேற்ற புதுப் பிளக் கடைந்து வாங்கினோம். வாஷர் பழையதுதான், துளையை மட்டும் அரத்தால் ராவிப் பெரிதாக்கினோம். அது அழுந்தி அழுந்திக் கல் மாதிரி கெட்டிப்பட்டுப் போயிருந்தது. கெட்டிப்பட்ட செம்பு வளைந்து கொடுக்காது, அதனால்தான் எவ்வளவு முறுக்கினாலும் சந்து விடுகிறது என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. ஊசி கொதிக்க வைக்கிற பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தோம். ரத்தக்குழாயைப் பிடிக்கிற இடுக்கியால் வாஷரைக் கவ்வி நான் தீயில் காட்டினேன். அது சிவந்ததும், "இப்போ" என்றார். கிட்னி டிரேயில் இருந்த தண்ணீரில் போட்டேன். சீறி அடங்கியது. எடுத்து விரலால் அழுத்தினால் பழைய முரட்டுத்தனம் இல்லை. மாட்டி, அளவாக ஒரே ஒரு முறுக்கு. அதற்கு மேல் வேண்டாம் என்று அவரே ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, அடியில் விரித்து வைத்திருந்த செய்தித்தாளை இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தோம். ஒரு பொட்டு இல்லை. நான் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினேன். டாக்டரம்மா தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "நல்லதாப் போச்சு. சாயங்காலம் வண்டியைப் பார்க்க ஒருத்தர் வரார்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. விற்பதற்காகத்தான் அதைச் சரி செய்தோம்.

சாயங்காலம் வந்தவர் எண்ணூர்ப் பக்கம் உப்பு வியாபாரம் செய்கிறவர். குனிந்து அடியில் பார்த்தார். "பழசுன்னாலும் சுத்தமா வச்சுக்கினு கீறீங்க" என்று மெச்சினார். என்ன ஆயில் போட வேண்டும் என்று டாக்டரம்மா அவரிடம் விளக்கமாகச் சொன்னார். நாற்பது நம்பர் சாதா ஆயில், கழுவுகிற ஆயில் கூடவே கூடாது, பிளக்கை யாராவது முறுக்க வந்தால் விடக்கூடாது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். உப்பு வியாபாரி சரி சரி என்று கேட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். டாக்டரம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, காத்திருந்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

கப்பல் கிளம்பிய அன்று பெரியப்பாவே என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். அவ்வளவு நல்ல மனிதர். டாக்டரம்மா என் கன்னத்தைத் தட்டி, "கையைப் பத்திரமா வச்சுக்கோ. நல்ல கை" என்றார். அழவில்லை. நானும் அழவில்லை, பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் நடக்கிறதுதான். வாத்தியாருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அவருக்குத் திருவொற்றியூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. நான் அங்கேயே ஒரு பிரசவ விடுதியில் சேர்ந்தேன். தங்கமான மனுஷர், ஒரு குறை சொல்ல முடியாது. பினாங்கிலிருந்து கடிதங்கள் வந்தன. முதலில் பக்கம் பக்கமாக, பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து, பிறகு அதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் ஏதாவது பழைய கறுப்புக் கார் போனால் ஓட்டுகிறவர் யார் என்று பார்ப்பேன். பார்க்கிற அந்த நொடியில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர்தான் இருக்கிறார் என்று நெஞ்சு நம்பிவிடும். ஒவ்வொரு தடவையும் நம்பும். ஏதோ ஒரு மீசைக்காரர் கடந்து போவார்.

என் மகன் தவழ ஆரம்பித்திருந்த வருஷம், ஒருநாள் காலை வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. டாக்டரம்மா இறங்கினார். கப்பல் சென்னையில் ஒரு பகல்தான் நிற்கிறது, பம்பாய் வழியாக இங்கிலாந்துக்கு மேல்படிப்புக்குப் போகிறாராம். பெரியப்பா கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். காதோரம் நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெங்காயம் நறுக்கின கை.

சமையலறையில் மணைபோட்டு உட்கார்ந்தார். நான் அவசர அவசரமாகச் சாம்பார் வைத்தேன். என் மகனை மடியில் வைத்துக்கொண்டு, "அங்க எனக்கு ஆஸ்பத்திரி வண்டி இருக்கு, டிரைவர் இருக்கான். மூடியைத் திறந்து பார்க்க விடமாட்டேங்கிறான். நீங்க தொடாதீங்க டாக்டர்னு பதறுறான்" என்றார். சிரித்தோம். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னேன், போட்டுக்கொண்டார். எவ்வளவோ கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்று கூட வாயில் வரவில்லை. அவர்தான் கேட்டார், என் மகனின் தலைமுடியைக் கோதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"அன்னைக்கு உங்க பெரியப்பா சரின்னு சொல்லியிருந்தா?"

"வந்திருப்பேன்."

"யோசிக்காம சொல்றியே."

"யோசிச்சு முடிச்சு ரொம்ப நாளாச்சு."

அவர் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

துறைமுக வாசல் வரைக்கும் ரிக்‌ஷாவில் நானும் கூடப் போனேன். மகன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் சேலையையும் பிடித்துக்கொண்டு வந்தான். பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் அவர் ஒருமுறை திரும்பினார். கையைத் தூக்கினார். அதற்குள் மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாக உள்ளே நுழைந்தன. அவை கடந்துபோன பிறகு அங்கே யாரும் இல்லை. காவல்காரர், "ஒத்தி நில்லும்மா, வண்டி வர்ற வழி" என்றார். மகனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு ஒத்தி நின்றேன். வெயில் சாய்கிற வரைக்கும் நின்றேன்.